மைதிலி முறுக்கிய மூடி

மைதிலி முறுக்கியது கசியாது. இது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவள் வேலை செய்யும் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். மைதிலி முறுக்கியது திறக்காது. இது பருத்திப்பட்டில் அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கம்பெனி செய்வது ஹைட்ராலிக் சிலிண்டர். மண் தோண்டும் பொக்லைன் தன் கையை மடக்கி நீட்டும்போது பளபளவென்று ஒரு தண்டு உள்ளே போய் வெளியே வருகிறதே, அந்தத் தண்டும் அது போய்வரும் குழலும்தான். குழலுக்குள் எண்ணெய் நிற்கிற அழுத்தத்துக்கு ஒரு சின்னக் குன்றையே நகர்த்திவிடலாம். அப்படி நிற்கிற எண்ணெய் ஒரு சொட்டு வெளியே எட்டிப் பார்த்தாலும் அதைப் பூட்டிய ஃபிட்டருக்குத் தலைகுனிவு. மைதிலி அங்கே ஃபிட்டர். அவள் பூட்டிய சிலிண்டரைச் சோதனை மேசையில் ஏற்றினால் சோதிக்கிறவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.

வீட்டுக் கதை வேறு. அவள் மூடிவைத்த ஊறுகாய் ஜாடியைத் திறக்கப் போன நாத்தனார், தோள்பட்டை இறங்கி, புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு பொள்ளாச்சிக்கு ரயில் ஏறினாள். சமையலறைக் குழாயை ஒருநாள் இவள் மூடிவிட்டு ஷிஃப்டுக்குப் போக, கணவன் கோகுல்நாத் பின்னால் நின்று திருகிய திருகில் குழாய் அசையவில்லை, சுவர் லேசாகத் திரும்பியது. நம்பாதவர்கள் கீழ்வீட்டு நாகம்மாவைக் கேட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரி அவள்தான், சுவரும் அவளுடையதுதான். இதற்கு மேலும் இரண்டு சேர்த்துச் சொல்வாள்.

இந்தக் கை மைதிலிக்குச் சும்மா வந்ததில்லை. அவள் அப்பா இராமகிருஷ்ணன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஃபிட்டர். மகனுக்கென்று வாங்கிவைத்த ஸ்பேனர் செட்டை மகன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குவார்ட்டர்ஸ் தெருவில் சைக்கிள் சங்கிலி கழன்றவர்களெல்லாம் மகளைத் தேடி வந்தார்கள். ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்குப் போன முதல் கம்பெனியில் அவளைப் பெட்டி ஒட்டும் இடத்தில் உட்கார வைத்தார்கள். “பொம்பளைக் கைக்கு டார்க் பத்தாதும்மா, முறுக்க வலு வராது” என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய சாப்பாட்டு டிபன் கேரியரை மைதிலி மரியாதையாக மூடிக் கொடுத்தாள். அந்தக் கேரியரை அவர் வீட்டில் கடைசிவரை யாரும் திறக்கவில்லை, சாம்பாரோடு பரண்மேல் இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அடுத்த மாதமே அவள் வேறு கம்பெனி பார்த்துக்கொண்டாள். இந்தக் கம்பெனி. இந்தப் பெஞ்ச். இங்கே அவள் பெயர் சொல்லி வேலை கேட்டார்கள்.

கோபம் அவளுக்குக் கையோடு கூடவே பிறந்தது. கோபம் வந்தால் பேச்சில் ஆவடி ஏறிவிடும். எதிரே நிற்பவர் மாமியாரா மேனேஜரா என்று அது பார்ப்பதில்லை.

கோகுல்நாத் நேர்மாறு. பொள்ளாச்சிக்காரன். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே. கோபம் என்ற ஒன்றை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அவன் கை வாழைத்தண்டு. அவன் மூடிய குழாய் சொட்டும், அவன் மூடிய தண்ணீர் பாட்டில் பைக்குள் கவிழும். அவன் மூடிவிட்டுப் போன ஒவ்வொன்றையும் பின்னாலேயே போய் ஒரு முறுக்கு முறுக்குவது மைதிலிக்குப் பழக்கம். “இது இன்னா மூடியிருக்கியா, சும்மா மேல வெச்சிருக்கியா?” என்று கேட்டுக்கொண்டேதான் முறுக்குவாள்.

இப்படிப்பட்ட வீட்டில் தீபிகா பிறந்தாள். பிரசவ லீவு முடிந்தது. ஆறு மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு மைதிலி வேலைக்குத் திரும்பினாள்.

ஏற்பாடு எல்லாம் பக்காவாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து தாய்ப்பாலைப் பம்ப் வைத்து எடுப்பாள். அது சுலபமாக வருகிற பால் இல்லை. அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது. சேர்த்ததைப் பாட்டில்களில் ஊற்றுவாள். நிப்பிளை வளையத்தில் கோத்து, வளையத்தைப் பாட்டில் கழுத்தில் வைத்து, ஒரு முறுக்கு. பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, பக்கவாட்டில் சொட்டுகிறதா என்று உற்றுப் பார்ப்பாள். சொட்டாது. மனசுக்குச் சமாதானமாக இன்னொரு முறுக்கு. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுப்பாள். கோகுல்நாத் அதை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடாக்கி, மீட்டிங்குக்கு நடுவே மகளை மடியில் போட்டுக் கொடுக்க வேண்டியது. அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் டீ நேரத்திலேயே ஃபோன் வந்துவிட்டது.

“அம்மிணி, பாப்பா குடிக்கவே மாட்டீங்குது. ரெண்டு இழுப்பு இழுக்குது, அப்புறம் மூஞ்சி செவந்து போய்க் கத்துது. நிப்பிளப் பாத்தா சப்பையா உள்ள ஒட்டிக்கிட்டிருக்குது.”

“நீ நேரா புடிச்சியா?”

“நேராத்தான் புடிச்சேன்.”

“உன் நேரு எனக்குத் தெரியாதா? திரும்பக் குடு.”

திரும்பக் கொடுத்தான். திரும்பக் கத்தினாள். அன்றைக்குச் சாயங்காலம் மைதிலி வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, தீபிகாவின் குரல் பருத்திப்பட்டு ஏரியின் மறுகரையில் வீடு பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. வந்த வேகத்தில் குழந்தை அம்மாவின் மாரில் விழுந்து குடித்தது. பாட்டிலில் பால் அப்படியே இருந்தது. விடியற்காலையில் பல்லைக் கடித்துச் சேர்த்த பால். அதை சிங்க்கில் கொட்டும்போது மைதிலிக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல் வந்தது.

யாரை? நிப்பிள் விற்றவனைத்தான்.

மெயின் ரோட்டில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் சுலைமானுக்கு ஒரு நல்ல குணம், எவ்வளவு திட்டினாலும் சிரிப்பார். அதுவே ஒரு கெட்ட குணமும்கூட.

“பாய், இது இன்னா நிப்பிளா, வாஷரா? ஒரு சொட்டு வரல.”

“கவர்ல இன்னா போட்டிருக்கு சிஸ்டர்? ஸ்லோ. மெதுவாத்தான் வரும். நீங்க சொன்னதத்தான் குடுத்தேன். அதோ பாருங்க, மீடியம் கீது, ஃபாஸ்ட் கீது. சிலிகான் வோணும்னா சிலிகான், ரப்பர் வோணும்னா ரப்பர். கல்யாண மண்டபம் பாக்கிற மாதிரி நின்னு பாத்து எடுங்க.”

மைதிலி நின்று பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாக நிப்பிள். ஒன்றில் பிறந்தது முதல் என்று போட்டிருந்தது, ஒன்றில் மூன்று மாதத்துக்கு மேல், ஒன்றில் ஆறுக்கு மேல். ஒன்று ஒற்றை ஓட்டை, ஒன்று நட்சத்திரம் மாதிரி கீறல். ஒன்று அம்மாவைப் போலவே இருக்கும் என்று கவரில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அவளுக்குக் கடைக் கண்ணாடியை உடைக்கலாம் என்று தோன்றியது. கம்பெனியில் ஒரு சீல் எடுக்க வேண்டும் என்றால் இவ்வளவு விட்டம், இவ்வளவு அழுத்தம், இந்த எண்ணெய்க்கு இந்த ரப்பர் என்று எழுதியிருக்கும். இங்கே மாதக் கணக்கும் பூப்படமும்தான். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் ஸ்லோவைவிடக் குறைவாக வந்தது. கேட்பதற்கு ஆள் கிடையாது.

மீடியம் வாங்கினாள். ஓட்டை கொஞ்சம் பெரிசு. மறுநாளும் அதே கதை. ரெண்டு இழுப்பு, சப்பை, கத்தல். மெனக்கெட்டுப் பாலாடையில் ஊற்றிப் பார்த்தார்கள். தீபிகா அதைத் தட்டிவிட்ட வேகத்தில் பால் கோகுல்நாத்தின் லேப்டாப்பில் பாதி, மீட்டிங்கில் பாதி தெறித்தது. கேழ்வரகுக் கூழ் இரண்டு வாய் வாங்குவாள், அதோடு உதட்டை மூடிக்கொள்வாள். பகல் முழுக்கக் கூழோடு ஒரு குழந்தையை உட்கார வைக்க முடியுமா?

அப்புறம் ஒருநாள் அதிசயம் நடந்தது. “அம்மிணி, குடிச்சிட்டா!” என்று கோகுல்நாத் ஃபோனில் கத்தினான். “மதியப் பாட்டில் முழுசும்! தொட்டுப் பாத்தா வயிறு கும்முனு இருக்குது!”

மைதிலி அன்றைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் டீ சொன்னாள். மீடியம்தான் மந்திரம் என்று முடிவு கட்டி, போகிற வழியில் சுலைமானிடம் அதே கவர், அதே பெயர், அதே அளவு, இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டாள். மறுநாள் காலை புது நிப்பிளைப் பூட்டி, இரண்டு முறுக்காக முறுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

தீபிகா தொடவில்லை.

“பாய், டூப்ளிகேட் விக்கிறியா?”

“சிஸ்டர், நிப்பிள்ல டூப்ளிகேட் பண்ணி நான் இன்னா மாளிகையா கட்டப்போறேன்?”

“நேத்து நல்லாக் குடிச்சா. அதே பொருள்தானே? இன்னிக்கு இன்னா வந்துச்சு?”

“நேத்து உங்க கொயந்தைக்கு மூடு நல்லா இருந்திருக்கும். இன்னிக்கு உங்கள மாதிரி ஆயிட்டிருக்கும்.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மைதிலி கையிலிருந்த கவர்களைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்த சத்தத்தில், உள்ளே அடுக்கியிருந்த இருமல் மருந்தெல்லாம் ஒருமுறை எழுந்து நின்று உட்கார்ந்தது. அதோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். திருமுல்லைவாயிலில் ஒரு கடை, பூந்தமல்லியில் ஒரு கடை. பீரோவில் ஒரு டிராயர் முழுக்க நிப்பிள் ஆனது. எல்லாவற்றையும் அவளே பூட்டினாள், அவளே முறுக்கினாள். ஒன்றும் சரிப்படவில்லை.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை, நாகம்மா மாடியேறி வந்தாள். இரண்டு புகார்.

“ஏம்மே, உன் வண்டியிலேந்து பெட்ரோல் நாத்தம் என் ஜன்னல்ல வந்துகினே கீது. இன்னான்னு பாரு.”

மைதிலி கீழே போய்ப் பார்த்தாள். பெட்ரோல் டாங்க் மூடிதான். கசிகிறதா? அவள் வண்டியில்? பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி, மூடிக்கு அடியில் கொடுத்து, ஒரு முறுக்கு. நாற்றம் அன்றோடு நின்றது. நாகம்மாவின் மூக்கு திருப்திப்பட்டது.

இரண்டாவது புகார் குழந்தையைப் பற்றி. “கொயந்த ஒருவாரமா பட்டினியாக் கத்திகினு கீது. ஓட்ட பத்தலம்மே. ஊசியக் காய்ச்சி ஒரு குத்து குத்து. என் மூணு புள்ளைங்களும் அப்புடித்தான் குடிச்சுதுங்க.” சொன்னதோடு நிற்கவில்லை. திங்கட்கிழமை மைதிலி வேலைக்குப் போனதும், கோகுல்நாத்திடமிருந்து ஒரு நிப்பிளை வாங்கி, கேஸ் அடுப்பில் கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தியே விட்டாள். கோணி ஊசி. அந்த ஓட்டை வழியாக ஒரு நாவற்பழம் தாராளமாகப் போய் வரும். வாயில் வைத்ததும் பால் கொட்டி, தீபிகாவுக்குப் புரையேறி, மூக்கு வழியாக வந்து, கண் சொருகியது. கோகுல்நாத் குப்புறப் போட்டு முதுகைத் தட்டித் தட்டி மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தான். அதற்குள் அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வேலை முடிந்து வந்த மைதிலி அந்த நிப்பிளைப் பார்த்தாள். பிறகு நாகம்மாவைப் பார்த்தாள்.

“நான் நல்லதுக்குத்தான்…” என்று ஆரம்பித்தாள் நாகம்மா.

“வாயத் தொறக்காத. என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா அந்த ஊசிய உன் காதுல கோத்திருப்பேன்.”

வீட்டுக்காரியிடம் இப்படிப் பேசுகிற குடித்தனக்காரி பருத்திப்பட்டில் அவள் ஒருத்திதான் இருப்பாள். நாகம்மா கோணி ஊசியை முந்தானையில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து மாமியார் வீடியோவில் வந்தாள். எல்லாம் கோகுல்நாத் சொல்லியிருந்தான்.

“கண்ணு, பச்சப் புள்ளைக்கு அம்மா வாசம் வேணுமல்லோ. அது நிப்பிளா தேடுது? உன்னயத் தேடுது. இரும்படிச்சது போதும் சாமி. வேலைய விட்டுப்போட்டு ஊட்டுல இரு.”

மைதிலி கோகுல்நாத்தைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். ஃபோனை வைத்தபிறகு, மெதுவாக, “ஒரு வருஷம் மட்டும் இருந்து பாக்கலாமா?” என்றான். “இந்த வாரம் வரைக்கும் பாப்போம். சரிப்படலைன்னா…”

“சரிப்படலைன்னா?”

“பாப்பா காஞ்சு போறா, அம்மிணி.”

குழந்தையின் கை மணிக்கட்டில் இருந்த மடிப்பு ஒன்று கரைந்திருந்ததை அவளும் பார்த்திருந்தாள். அந்தப் பெஞ்சை விட்டு ஒரு வருஷம் எழுந்தால் அங்கே வேறு கை உட்கார்ந்துவிடும். திரும்பிப் போனால் பெட்டி ஒட்டச் சொல்வார்கள். சொல்லட்டும் என்று போட்டுவிட்டு, மகளுக்காக வீட்டில் உட்காரலாம். உலகத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஆனால் ஒரு ரப்பர் துண்டுக்காகவா? ஒரு பிளாஸ்டிக் பாட்டில் முன்னால் தோற்றுவிட்டு, கடைசிவரைக்கும் ‘அம்மா வாசம்’ என்று இவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டா? அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் கேஸ் சிலிண்டர், குக்கர், தலைக்கு வைக்கும் எண்ணெய் பாட்டில் என்று எதெல்லாம் கண்ணில் பட்டதோ எல்லாம் ஒரு முறுக்கு கூடுதலாக வாங்கிக்கொண்டன.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்பே ஃபோன் வந்தது. கோகுல்நாத் ஃபோனைக் குழந்தையின் பக்கம் பிடித்தான். அந்தக் கத்தலை மைதிலி சோதனை மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள். மணவாளன் சூப்பர்வைசரிடம் மதியம் வரைக்கும் பர்மிஷன் சொல்லிவிட்டு, யூனிஃபார்மோடு வண்டியை எடுத்தாள்.

வண்டியும் அந்த வாரம் முழுக்க இருமிக்கொண்டுதான் இருந்தது. அதற்காகப் பெட்ரோல் பங்க்கில் ஒரு சண்டை போட்டு முடித்திருந்தாள். இன்றைக்குப் பருத்திப்பட்டு ஏரி தெரிகிற இடத்தில் வந்ததும், இரண்டு இருமல் இருமி, நின்றேவிட்டது. செல்ஃப் போட்டாள். கிக்கரை உதைத்தாள். உதைத்த உதையில் ஏரியில் இருந்த நாரைகள் எழுந்து, ஒரு வட்டம் அடித்து, யார் என்று பார்த்துவிட்டு அயனம்பாக்கம் பக்கமாகக் குடிபெயர்ந்தன.

ஷேர் ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிறவர் பச்சையப்பன், அந்த ரோட்டில் தினமும் போய்வருகிறவர், முகம் பழக்கம்.

“இன்னா தங்கச்சி, பெட்ரோல் இல்லியா?”

“கீது.”

“லேடீஸுங்க மீட்டர நம்பிகினு ஓட்டுவீங்க. மூடியத் தொறந்து பாத்தியா?”

‘லேடீஸுங்க’ என்றதும் மைதிலிக்கு உச்சந்தலை சுட்டது. “தோ பாரு அண்ணாத்தே, கண்ணத் தொறந்து நல்லாப் பாரு” என்று சீட்டைத் தூக்கி, துப்பட்டாவை மூடியில் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகினாள். அவள் முறுக்கியது, அவளுக்கே சிரமமாகத்தான் இருந்தது. மூடி அசைந்தது.

உஸ்ஸ்ஸ்ஸ்.

காற்று. வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. தாகத்தோடு தண்ணீரை இழுக்கிற மாதிரி, டாங்க் காற்றை இழுத்துக்கொண்டது. உள்ளே பெட்ரோல் முக்கால்வாசி தளும்பியது.

“அட, கீதே!” என்றார் பச்சையப்பன், ஏமாற்றத்தோடு.

மைதிலி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கிக்கரை லேசாகத் தொட்டாள். எஞ்சின் ஒரே அடியில் கிளம்பி, நின்ற இடத்திலேயே ஒரு இருமல் இல்லாமல் ஓடியது.

அவள் வண்டியில் ஏறவில்லை. மூடியைத் திருப்பினாள். அடியில் ஒரு சின்னத் துளை, டாங்க் மூச்சு விடுவதற்காகச் செய்தவன் வைத்த துளை. அதன்மேல் அவள் வெட்டிப்போட்ட சைக்கிள் டியூப் வளையம் பிளாஸ்திரி மாதிரி ஒட்டியிருந்தது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, இறங்கிய இடத்துக்குக் காற்று வர வழியில்லை. வழியில்லாவிட்டால் டாங்க்கும் பெட்ரோலை விடாது. எஞ்சின் இழுக்கும், இழுக்கும், வராது. இருமும். நின்றுபோகும்.

ரெண்டு இழுப்பு. சப்பை. கத்தல்.

கண்ணுக்கு முன்னால் நிப்பிளின் அடி விளிம்பு வந்தது. ஒவ்வொரு நிப்பிளிலும் அந்த விளிம்பில் ஒரு கீறல் இருந்தது. தினமும் விரலால் தடவியிருக்கிறாள், அச்சில் வந்த குறை என்று நினைத்துக்கொண்டு. பாட்டில் மூச்சு விட வைத்த அந்தக் ‘குறை’யின்மேல்தான் தினமும் காலையில் வளையத்தை வைத்து, ஒரு முறுக்கு, சமாதானத்துக்கு இன்னொரு முறுக்கு.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த முறை அது போவதற்கு இடம் இல்லாமல் திரும்பி அவள்மேலேயே வந்து விழுந்தது. அந்த ரப்பர் வளையத்தைப் பிடுங்கி ஏரிக்குள் வீசினாள். அது விழுந்த இடத்தில் இன்றைக்கும் மீன் தங்குவதில்லை என்று பச்சையப்பன் சவாரிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே நாகம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நான்கு நாள் பேச்சில்லாமல் இருந்தவள், கத்தல் பொறுக்காமல் தானே மேலே வந்திருந்தாள். கோகுல்நாத் ஃபோனைப் பிடித்திருந்தான், ஃபோனுக்குள் மாமியார்.

மைதிலி டிராயரை இழுத்துக் கவிழ்த்தாள். நிப்பிள் குவியலில் முதன்முதலில் வாங்கிய ஸ்லோவைத் தேடி எடுத்தாள், கொதிநீரில் போட்டு எடுத்தாள், பூட்டினாள். வளையத்தைத் திருகினாள். கை, பழக்கத்தில், ஒரு முறுக்கு முறுக்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் திருப்பித் தளர்த்தினாள். பக்கவாட்டில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், விரல்கள் அவளைக் கேட்காமலே மறுபடி இறுக்கிவிட்டன.

“இன்னாடி பண்றே?” என்றாள் நாகம்மா.

“சும்மா இரு அக்கா. கை சொன்னாக் கேக்கமாட்டேங்குது.”

மூன்றாம் முறை தளர்த்திவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள், அடுப்பிலிருந்து எடுப்பதுபோல. குழந்தையை மடியில் வாங்கி நிப்பிளை வாயில் வைத்தாள். தீபிகா இழுத்தாள். ஒன்று. இரண்டு. எல்லோரும் கத்தலுக்குக் காதைத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

பாட்டிலுக்குள் ஒரு குமிழி எழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வரிசையாக. தீபிகா கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தாள். வளையத்தின் ஓரத்திலிருந்து பால் கசிந்து, குழந்தையின் மோவாயில் இறங்கி, யூனிஃபார்ம் கையில் சொட்டியது. மைதிலியின் விரல்கள் துடித்தன. அவள் அவற்றை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஃபோனுக்குள்ளிருந்து மாமியார் குரல் வந்தது. “பாத்தியா கண்ணு? நாஞ் சொல்லல? அம்மா கையில குடுத்தாக் குடிக்குது. அம்மா வாசம்! பேசாம வேலைய…”

“கோகுல்,” என்றாள் மைதிலி. குரல் தாழ்ந்திருந்தது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதுதான் ஆபத்து. “அன்னிக்கு ஒருநாள் முழுசாக் குடிச்சாளே. அன்னிக்கு மூடிய யாரு மூடுனது?”

கோகுல்நாத் விழித்தான். “அது வந்து… பால் மேல ஏடு மாதிரி தெரிஞ்சுது. கலக்கலாம்னு தொறக்கப் பாத்தேன். வரல. கதவிடுக்குல வெச்சு…”

“கதவிடுக்குல?”

“நெளிச்சுத் தொறந்தேன். அப்புறம் நானே மூடினேன். சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லல.”

“சொல்லியிருந்தா அன்னிக்கே இந்தக் கூத்து முடிஞ்சிருக்கும். மானம் ரோஷம் பாக்க இதான் நேரமாய்யா உனக்கு?” மைதிலி எழுந்தாள். பாதிப் பாட்டிலில் குழந்தையின் வாயிலிருந்து நிப்பிளை எடுத்தாள்; தீபிகா வீரிட்டாள். வளையத்தைக் கழற்றி, பாட்டில், வளையம், நிப்பிள் மூன்றையும் கணவனிடம் தனித்தனியாகக் கொடுத்தாள். “நீ மூடு.”

“நானா? சொட்டுமே.”

“சொட்டணும். உன் கைதான் வேணும். மூடு.”

வாழைத்தண்டுக் கை மூடியது. மைதிலி குழந்தையை அவன் மடியில் போட்டாள். ஃபோனைப் பார்த்து, “அத்தே, நல்லாப் பாத்துக்குங்க, நான் வெளியில போறேன். வாசம் இன்னா பண்ணுதுன்னு பாப்போம்” என்றாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, மாடிப்படியில் நின்றுகொண்டாள்.

வீரிடல் கொஞ்ச நேரம் தொடர்ந்தது. பிறகு நின்றது. பிறகு கதவு வழியாகச் சின்னதாக ஒரு சத்தம், மடக், மடக், மடக். அது நிற்கவே இல்லை. கடைசியில் காலிப் பாட்டிலை உறிஞ்சுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து பெரிய மனுஷி மாதிரி ஓர் ஏப்பமும் வந்தது.

மாமியாரின் குரலைக் காணோம். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த கோகுல்நாத்தின் முகம் முழுக்கச் சிரிப்பு, சட்டை முழுக்கப் பால். “முடிச்சிட்டா அம்மிணி! என்ற கையில!” அவன் தோளில் தீபிகா கன்னத்தை வைத்துத் தூங்கத் தொடங்கியிருந்தாள். அம்மா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த ஒன்றைத்தான் மைதிலி இத்தனை நாளாகக் கேட்டாள். கேட்டது கிடைத்த அந்த நிமிஷம் அவளுக்கு மகள்மேல் சுள்ளென்று ஒரு கோபம் வந்தது. நான் இல்லாமலேயே இப்படிக் குடிப்பாயா, கழுதை? ஒரு பார்வை பார்த்தால் என்ன? அந்தக் கோபத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தூங்குகிற தலையை ஒருமுறை முகர்ந்துவிட்டு, “பாட்டிலக் கழுவி வை. சாயங்காலம் வர்றேன். மூடிய நான் தொடமாட்டேன், எனக்கு முன்னாடி நீயே மூடிடு” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

நாகம்மா பின்னாலேயே இறங்கி வந்தாள். ஸ்கூட்டி கிட்ட போனதும் மூக்கைச் சுருக்கினாள்.

“ஏம்மே, திரும்ப நாத்தம் வருது. மூடி சரியில்லியா?”

“சரியாத்தான் கீது. நாத்தம் அப்புடித்தான் வரும். ஜன்னலச் சாத்திக்கோ.”

“என் ஊட்டு ஜன்னல என்னையே சாத்தச் சொல்றியா?”

“ஊசி குத்துனதுக்கு அது போதாது. வுட்டேன்னு நெனச்சுக்கோ.”

நாகம்மா இடுப்பில் கைவைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது. மைதிலி கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்பினாள். யூனிஃபார்ம் கையில் பால் காய்ந்துகொண்டிருந்தது. பர்மிஷன் முடிய இன்னும் நேரம் இருந்தது, வழியில் சுலைமான் கடையில் நிறுத்தி, நிப்பிள் கவரில் இதை ஏன் ஒருவனும் எழுதவில்லை என்று அவரோடு ஒரு சண்டை போட்டுவிட்டுப் போகுமளவுக்கு.